பழைய கடலாசு

ஞாயிற்றுக்கிழமை நடந்த மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை விழாக் கூட்டத்தைப் பற்றி எதுவும் எழுதக்கூடாது என்று மூன்று நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தக் கூட்டத்தின் காணொளியை எனக்கே ஒன்பது பேர் சிரிப்புப் பொம்மையோடு அனுப்பிவிட்ட பிறகு, சும்மா இருந்தால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். நான் கேட்டது பெரிய காரியம் ஒன்றுமில்லை. 'மனோன்மணீயம்' நாடகத்தையும் அதில் வரும் தமிழ்த்தாய் வாழ்த்தையும் எழுதிய சுந்தரம் பிள்ளையோடு பழகியவர்கள், அவரிடம் படித்தவர்கள் ஆகியோரின் வழிவந்த குடும்பங்கள் தமிழக-கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கின்றன. அவர்கள் வீட்டுப் பரணில் ஒரு கடிதமோ குறிப்பேடோ கிடந்தால் அதைப் பட்டியலிட ஒரு தீர்மானம் போடலாமே என்றேன். அதற்கு மேடையிலிருந்து வந்த பதிலை நீங்களே கேட்டிருப்பீர்கள் (கடலாசு என்றால் நம் ஊர்ப் பேச்சில் காகிதம்): "பழைய கடலாசுக் கட்டை வச்சு என்ன ஓய் செய்யப் போறீரு? பாட்டு இருக்குல்லா, போரும்." உடனே கைதட்டல். பேசியவரை நான் மன்னித்துவிட்டேன். கைதட்டியவர்களைத்தான் மன்னிக்க முடியவில்லை.

பாட்டு போதும் என்றால் அவரைப் பேராசிரியர் என்று எதற்காகச் சொல்கிறோம்? 1970-இல் தமிழக அரசு அந்த வாழ்த்தை ஏற்றதும், 2021-இல் அதை மாநிலப் பாடலாக அறிவித்ததும் மகிழ்ச்சியே. ஆனால் 1855-இல் ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்து, 1897-இல் நாற்பத்திரண்டு வயதிலேயே மறைந்த ஒரு மனிதர், தம் வாழ்நாள் முழுவதையும் எழுந்து நின்று பாடும் சில அடிகளுக்காக மட்டும் செலவிட்டார் என்று எண்ணுவது அவருக்குச் செய்யும் மரியாதையாகத் தெரியவில்லை.

அவர் செய்த வேலையே பழைய கடலாசு வேலைதான் என்பது மேடையில் இருந்தவர்களுக்குத் தெரியுமா? கடலாசுகூட அல்ல, கல். கோயில் கோயிலாகக் கிடந்த வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் அமைந்த கல்வெட்டுகளைத் தேடிப் படித்து, கொல்லம் ஆண்டு என்னும் மலையாள ஆண்டுக் கணக்கைச் சரிபார்த்து, பழைய திருவிதாங்கூரான வேணாட்டு அரசர்களின் வரிசையை அவர் நிறுவி வெளியிட்டது 1894-இல். திருஞானசம்பந்தரைக் கால்டுவெல் 13-ஆம் நூற்றாண்டுக்குத் தள்ளியிருந்தபோது, இல்லை, 7-ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியவராக அவர் இருக்க முடியாது என்று ஒவ்வொரு சான்றாக எடுத்துவைத்து வாதிட்டவரும் அவரே. அன்றைக்கு ஒருவர் குறுக்கே வந்து, பழைய கல்லை வைத்து என்ன ஓய் செய்யப் போறீரு என்று கேட்டிருந்தால், இன்று நம் ஊர்க் கோயில் வரலாற்றுப் பலகைகளில் எழுத ஒரு வரியாவது கிடைத்திருக்குமா?

"நாடகமே லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதைதானே, அதற்கு ஏன் இவ்வளவு ஆரவாரம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆம், லிட்டனின் கதைதான். சுந்தரம் பிள்ளை அதை மறைக்கவில்லை. ஆனால் லிட்டனின் கதையில் நம் குமரிப் பக்கத்து நாஞ்சில் நாடு உண்டா, ஐயா? பாண்டியனுக்கும் சேரனுக்கும் நாஞ்சில் நாட்டை முன்னிட்டுப் போர் மூள்வதாக அமைக்க, திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு தெற்கே பார்த்த ஒருவரால்தான் முடியும். 1956-இல் நம் குமரி மாவட்டத்தின் நான்கு வட்டங்களும் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1891-இல், அவர் அந்த எல்லைத் தகராறை நாடகமாக்கி அச்சிட்டுவிட்டார். ஒரு வரியை எப்படி அடித்துத் திருத்தினார், எந்த நண்பருக்கு என்ன எழுதினார் என்பதெல்லாம் அச்சுப் புத்தகத்தில் தெரியாது. கையெழுத்துத் தாளில்தான் தெரியும். நான் கேட்டதும் அதைத்தான்.

வேறு சிலர், "மாவட்டத்தில் வேறு பிரச்சினையே இல்லையா, ரப்பர் விலையைப் பற்றிப் பேசுங்கள்" என்கிறார்கள். ரப்பர் விலை பேசும் கூட்டத்தில் ரப்பர் விலையைப் பேசுகிறேன். இது சுந்தரம் பிள்ளைக்கு எடுத்த விழா. இதில் அவரைப் பற்றிப் பேசக்கூடாது என்றால் பொன்னாடைகளின் விலையைப் பற்றியா பேசுவது?

இன்னொரு கல்லூரி ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த உ.வே.சாமிநாதையர், ஏடுகளை மட்டுமல்ல, தமக்கு வந்த கடிதங்களையும் கட்டுக்கட்டாகக் காத்து வைத்தார். அவை அவர் பெயரில் சென்னையில் உள்ள நூல்நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அதனால்தான் அந்தக் காலத்துத் தமிழ்ப் புலமை உலகில் யார் யாருக்கு என்ன எழுதினார்கள் என்று இன்று படிக்க முடிகிறது. அவருக்கு நீண்ட ஆயுள் வாய்த்தது, எடுத்துக் காக்கப் பின்வந்தவர்களும் வாய்த்தார்கள். நம் பேராசிரியருக்கு வாய்த்தது என்ன? தம் ஆசிரியர் ஹார்வியின் மேல் கொண்ட அன்பினால் திருவனந்தபுரத்துப் பேரூர்க்கடையில் ஹார்விபுரம் என்று பெயரிட்டு அவர் வாழ்ந்த இடம், மகன் நடராஜ பிள்ளை திருவிதாங்கூர்ப் போராட்டத்தில் இறங்கியதற்காகப் பறிக்கப்பட்டது. அந்த மகன் பிற்காலத்தில் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் நிதி அமைச்சரானார், 1962-இல் திருவனந்தபுரத்தின் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். அது வேறு பெருமை. ஆனால் ஒரு வீடு கைமாறும்போது அலமாரியில் இருக்கும் தாள்களை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்?

இதைச் சொன்னால் மலையாள எதிர்ப்பு என்கிறார்கள். என் மூத்த மகளைக் கொடுத்திருப்பதே கேரளத்து நெய்யாற்றின்கரையில். எனக்கு என்ன எதிர்ப்பு? அங்கே அவரைத் தமிழ்ப் புலவர் என்று ஒதுக்கிவிடுகிறார்கள், இங்கே அவர் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகம் நெல்லையில் இருப்பதால் நெல்லைக்காரர் என்று முடித்துவிடுகிறார்கள். நடுவில் கிடக்கும் நாம்தான் அவருக்கு உரிய ஆட்கள். நாமும் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

"உன் வீட்டில் நீ என்னத்தைக் காப்பாற்றினாய்" என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார். இந்த ஒரு கேள்விதான் உண்மையில் வலித்தது. என் பாட்டாவின் அப்பா அவர் கற்பித்த திருவனந்தபுரம் கல்லூரியில் எஃப்.ஏ. என்ற அக்காலக் கல்லூரிப் படிப்பைப் படித்தவர். தத்துவ வகுப்பில் பாட்டாவின் அப்பா எழுதிய குறிப்பேடுகள், ஆங்கிலத்தில் எழுதி ஓரங்களில் தமிழில் சந்தேகங்களைக் குறித்தவை, ஒரு டிரங்குப் பெட்டியில் எங்கள் வீட்டில் இருந்தன. ஓட்டு வீட்டை இடித்து வார்ப்பு வீடு கட்டிய வருடம் அப்பா அந்தப் பெட்டியைப் பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடைக்காரருக்குக் கொடுத்தார். அவர் பெட்டிக்குத் தனி விலை சொன்னார். தாள்களைச் சாக்கில் கொட்டித் தராசில் தொங்கவிட்டார். நான் அப்போது பத்தாம் வகுப்பு. சாக்கின் வாயைப் பிடித்துக்கொடுத்தவன் நான்தான். மிஞ்சிய காசில் எனக்கு ஒரு பேனா வாங்கித் தந்தார்கள். அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். அது என்ன என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்தில் எனக்கும் சொல்லவில்லை.

அம்மா இழுப்பறையின் அடியில் விரிக்க ஒரு தாளை எடுத்து வைத்திருந்ததால் அது மட்டும் தப்பியது. எண்ணெய்க் கறைக்கு நடுவே பாதி வரிகள் தெரிகின்றன. கூட்டத்துக்கு அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். காட்டுவதற்குள் கைதட்டல் தொடங்கிவிட்டது. இந்தப் பதிவை எடுத்துவிடும்படி நேற்றிரவு தொலைபேசியில் கேட்டுக்கொண்ட விழாக் குழு நண்பருக்கு: எடுக்க முடியாது. உறை என் மேசை மேல் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வந்து பாருங்கள்.