சிவப்பு லைட்

(முல்லைத்தீவு, நாயாற்றுக் கரை. விடிந்து ஒரு மணித்தியாலம் இருக்கும். மணலில் மூக்கு உடைந்த படகு ஒன்று. பக்கத்தில், இடது விலாவில் ஓட்டை விழுந்த இன்னொன்று. மூக்கு உடைந்ததுக்குச் சொந்தக்காரன் ராசன். போன மாதம் வரைக்கும் ஆட்டோ ஓட்டியவன்.)

அந்தோனி: ஏன்டா தம்பி, இவ்வளவு பெரிய கடலில் இடிக்க உனக்கு என் படகுதானா கிடைத்தது?

ராசன்: இருட்டில் முன்னுக்கு ஒரு சிவப்பு லைட் தெரிந்தது அண்ணை. பஸ்ஸின் பின் லைட் மாதிரி. சரி, ஓவர்டேக் பண்ணுவோம் என்று முறுக்கினேன்.

அந்தோனி: படகுக்குப் பின் லைட் வெள்ளையடா! சிவப்பு இடது பக்கம், பச்சை வலது பக்கம். சிவப்பு தெரிந்தால் உன் வலது கைப்பக்கத்தால் நான் குறுக்கே வருகிறேன் என்று அர்த்தம். நீதான் வழி விடவேண்டும்.

ராசன்: என்னுடைய என்ஜின் 25 குதிரை, உங்களுடையது 15. பெரியதுக்குச் சின்னதுதானே ஒதுங்கும்?

அந்தோனி: இது என்ன பரந்தன் றோட்டா? 1972இல் உலக நாடுகள் கூடி எழுதிய சட்டம். அதில் குதிரைக் கணக்கு இல்லை. ஓவர்டேக் பண்ணுகிறவனும் விலகித்தான் போகவேண்டும். எப்படிப் பார்த்தாலும் பிழை உன்னில்தான்.

ராசன்: அப்போ நேருக்கு நேர் வந்தால்? இடது பக்கம் வெட்டலாம்தானே?

அந்தோனி: வெட்டு, வெட்டு. அடுத்த படகையும் உடை. இரண்டு பேரும் வலது பக்கம் திருப்பவேண்டுமடா.

ராசன்: பொறுங்கோ. மீன்பிடிக்கிற படகுக்கு மற்றவன் விலகவேண்டும் என்று மீனவர் வாடியில் சொன்னார்கள். நான் தொழிலில் இருந்தேன்.

அந்தோனி: வலை விட்டிருந்தாயா?

ராசன்: பின்னுக்கு ஒரு தூண்டில் இழுபட்டது.

அந்தோனி: அது கணக்கில் வராது. வலை விட்டுத் திரும்ப முடியாமல் கிடக்கிறவனுக்குத்தான் அந்தச் சலுகை.

ராசன்: சரி, பிழை என்னில்தான். நான் விலகவில்லை என்று கண்டதும் நீங்கள் என்ன செய்யவேண்டும்?

அந்தோனி: ஹோர்னைக் கட்டையாக ஐந்து தரம் அடிக்கவேண்டும். அதுக்கும் அசையாவிட்டால் நானே திருப்பித் தப்பவேண்டும்.

ராசன்: அடித்தீர்களா?

அந்தோனி: (தாடியைச் சொறிந்தபடி) ஏதோ சத்தம் கேட்டிருக்கும்.

ராசன்: கேட்டது. கொர்... கொர்... என்று. இடித்து இரண்டு என்ஜினும் நின்ற பிறகும் கேட்டது.

அந்தோனி: ...ஓட்டை அடைக்கிற ரெசின் என்ன விலை என்று விசாரி. பாதிக் காசு நான் தருகிறேன்.