“ரெண்டு செகண்ட் டிலே போடு, சரியாயிடும்”

மொபைல் ஆப் எழுதும் எங்கள் ஆபீஸில் இந்த வாக்கியத்தை இன்னொரு முறை கேட்டால் கத்திவிடுவேன். டிலே என்றால், அடுத்த வேலையைத் தொடங்காமல் இவ்வளவு நேரம் சும்மா காத்திரு என்று ஆப்புக்குச் சொல்வது. சர்வரிலிருந்து தரவு வருவதற்குள் திரை திறந்து காலியாக நிற்கிறதா? டிலே போடு. கீபோர்டு மேலே வந்து முடிவதற்குள் பட்டியல் நகர்ந்துவிடுகிறதா? டிலே போடு. 500 மில்லி நொடி போதவில்லையா, 1000 போடு. அதுவும் பத்தவில்லையா, 2000. நாம் எது முடிவதற்காகக் காத்திருக்கிறோம் என்று ஒருவராவது கேட்கிறாரா?

ஆபீஸ் வைஃபையில், ஆபீஸ் வாங்கிக் கொடுத்த விலை உயர்ந்த போனில், அந்த 500 போதும்தான். அதே ஆப்பை 2 ஜிபி ராம் உள்ள பழைய போனில், சிக்னல் வந்து வந்து போகும் ஊரில் ஒருவர் திறப்பார். அவருக்கு 5000 போட்டாலும் போதாது. நல்ல போன் வைத்திருப்பவரோ அரை நொடியில் முடிந்த வேலைக்குச் சும்மா இரண்டு நொடி உட்கார்ந்திருப்பார். வேலை முடிந்ததும் தகவல் சொல்லத்தானே கால்பேக் இருக்கிறது? ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் கோட்லின் மொழியில் சஸ்பெண்ட் ஃபங்ஷன், ஐபோன் ஆப் எழுதும் ஸ்விஃப்ட் மொழியில் அவெய்ட் எல்லாம் எதற்கு வந்தன? இதைவிடக் கொடுமை, திரையையும் தொடுதலையும் கவனிக்கும் மெயின் த்ரெட்டையே சிலர் ஸ்லீப் போட்டுத் தூங்க வைப்பது. அந்த நேரத்தில் பயனர் திரையைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. ஐந்து நொடி அப்படியே நின்றால், ஆப் பதிலளிக்கவில்லை, மூடட்டுமா என்று ஆண்ட்ராய்டே அவரிடம் கேட்டுவிடும்.

லோகோவைக் காட்டுவதற்காக வேண்டுமென்றே மூன்று நொடி நிறுத்தி வைக்கிறார்களே, அவர்களிடம் என்ன சொல்வது? ஆண்ட்ராய்டு 12 முதல் சிஸ்டமே ஆப் திறக்கும்போது ஒரு ஸ்ப்ளாஷ், அதாவது லோகோ உள்ள தொடக்கத் திரை, காட்டுகிறது. அதன்மேல் இவர்களுடையது இன்னொன்று. ஆட்டோக்காரருக்குப் பணம் அனுப்ப நிற்பவர் இரண்டு லோகோவையும் பார்த்து முடிக்க வேண்டும்.

சரி, டிலேயை விடுங்கள். நேரத்தை அளப்பதாவது ஒழுங்காக நடக்கிறதா? ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்க, தொடக்கத்தில் ஒருமுறை இப்போதைய நேரத்தைச் சொல்லும் கரன்ட்டைம்மில்லிஸ், முடிவில் ஒருமுறை கரன்ட்டைம்மில்லிஸ், கழித்தால் விடை. எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். அது சுவர்க் கடிகாரம் ஐயா! பயனர் செட்டிங்ஸில் போய் நேரத்தை மாற்றலாம். நெட்வொர்க் நேரத்தைத் திருத்தினால் முன்னோ பின்னோ தாவும். பயனர் இந்தத் திரையில் இருந்த நேரம் மைனஸ் 40 நொடி என்று அறிக்கை வந்தபோது, காரணத்தைத் தேடாமல், ‘மைனஸ் வந்தால் பூஜ்யம் ஆக்கு’ என்று ஒரு வரி சேர்த்து முடித்துவிட்டார்கள். முன்னால் தாவி, பொய்யாக நீண்டுபோன கணக்குகளை யார் கண்டுபிடிப்பது?

கால அளவுக்கு ஆண்ட்ராய்டில் எலாப்ஸ்டுரியல்டைம் என்ற கடிகாரம் இருக்கிறது. போன் ஆன் ஆனதிலிருந்து ஓடும், தூங்கும்போதும் ஓடும், யாரும் மாற்ற முடியாது. அப்டைம்மில்லிஸ் என்று இன்னொன்று உண்டு. போன் ஆழ்ந்து தூங்கினால் அது நின்றுவிடும். ‘இவ்வளவு நேரம் கழித்து இதை ஓட்டு’ என்று சொல்லும் ஹேண்ட்லரின் போஸ்ட்டிலேய்டு இந்த இரண்டாவதை நம்பித்தான் ஓடுகிறது. ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை.

படிக்காததன் விலையைக் கொடுப்பவர் பயனர். டிக்கெட் எடுக்கும் ஆப் ஒன்றில் சீட்டைப் பிடித்து வைத்துப் பத்து நிமிடம் கவுன்ட்டவுன் ஓடுகிறது. நொடிக்கு ஒருமுறை ஒன்றைக் கழிக்கும் டைமர். போனைப் பூட்டிவிட்டு கார்டை எடுத்து வந்து திறந்தால், இன்னும் ஏழு நிமிடம் இருக்கிறது என்கிறது. சர்வரிலோ நேரம் முடிந்து சீட் வேறு யாருக்கோ போயாகிவிட்டது. பணமும் கட்டிய பிறகுதான் ‘செஷன் முடிந்தது’ என்று வருகிறது. முடியும் நேரத்தை ஒருமுறை குறித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் எலாப்ஸ்டுரியல்டைமோடு ஒப்பிட்டு மீதியைக் காட்ட நாலு வரி போதும். அந்த நாலு வரியை எழுத மனமில்லாததால் ஒரு குடும்பத்தின் தீபாவளிப் பயணம் போகிறது.

எனக்கு உண்மையிலேயே வயிறு எரிவது மருந்து நினைவூட்டும் ஆப்களைப் பார்க்கும்போதுதான். இரவு 8 மணி இன்சுலினுக்கான அலாரம் 8.40க்கு அடிக்கிறது. ஆண்ட்ராய்டு 4.4 வந்த 2013லேயே சாதாரண அலாரம் துல்லியமானது அல்ல என்று ஆகிவிட்டது. 2015ல் 6.0வோடு டோஸ் (Doze) என்ற பேட்டரி சேமிப்பு முறை வந்தது. மேசையில் சும்மா கிடக்கும் போன் அலாரங்களைத் தள்ளிப்போட ஆரம்பித்தது. 12ல் துல்லிய அலாரத்துக்குத் தனி அனுமதி வந்தது. 14ல், புதிதாக நிறுவும் பெரும்பாலான ஆப்களுக்கு அது தானாகக் கிடைப்பதும் நின்றது. பேட்டரியைக் காக்கச் செய்தார்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மருந்து ஆப் எழுதுகிறவர் இதைத் தெரிந்துகொள்ளாமல் எப்படி எழுதலாம்? பின்னணி வேலைகளை ஓட்டும் ஒர்க்மேனேஜரில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு அதை அலாரம் என்கிறார்கள். அந்த 15 நிமிடம் அதில் வைக்கக்கூடிய மிகக் குறைந்த இடைவெளி மட்டும்தான். சொன்ன நேரத்துக்கு ஓடும் என்று எந்த உறுதியும் கிடையாது. அனுமதி கேளுங்கள், கிடைக்கவில்லை என்றால் ‘நேரத்துக்கு அடிக்காது’ என்று திரையிலேயே சொல்லுங்கள். அந்தப் போனை நம்பித்தான் ஒரு பெரியவர் தனியாக வீட்டில் இருக்கிறார்.

இனி என் ரிவ்யூவுக்கு வரும் ப்ரோகிராம் கோடில், எதற்காகக் காத்திருக்கிறது என்று எழுதாத டிலே ஒன்று இருந்தாலும் திருப்பி அனுப்புவேன். ரிலீஸ் நாளைக்கு என்றாலும் சரி.