ஆட்ரா மெக்டொனால்டின் ஆறு டோனி விருதுகளும் பாட்டுக்கா?

டோனி என்பது அமெரிக்க மேடை நாடக விருது. அமெரிக்க நடிகையும் பாடகியுமான ஆட்ரா மெக்டொனால்டு பற்றி "ஆறு டோனியும் பாட்டுக்காகத்தான், ஈகாட்டும் முடித்துவிட்டார்" என்று ஒரு பதிவில் எழுதியிருப்பது இரண்டு இடத்தில் தவறு.

ஆறில் மூன்றுதான் இசை நாடகங்களுக்கு: கரோசல் (1994), ராக்டைம் (1998), போர்கி அண்ட் பெஸ் (2012). மாஸ்டர் கிளாஸ் (1996), எ ரெய்சின் இன் தி சன் (2004), லேடி டே (2014) மூன்றும் உரைநாடகப் பிரிவில் வந்தவை. குழப்பம் லேடி டேயில்தான் வருகிறது. ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயாக மேடையில் பத்துக்கு மேல் பாடல்கள் பாடுகிறார். ஆனாலும் டோனிக் குழு அதை நாடகமாகவே வகைப்படுத்தியது. அதனால்தான் நாடகத்திலும் இசை நாடகத்திலும் முதன்மை, துணை என நடிகைகளுக்கான நான்கு பிரிவிலும் வென்ற முதல் ஆள் ஆனார். "பாட்டுக்கு ஆறு" என்று சொன்னால் இந்தப் பெரிய சாதனையே மறைந்துபோகிறது. ரெய்சினில் ரூத் யங்கராக வந்தது முழுக்க நடிப்பு.

ஈகாட்டுக்கு எம்மி, கிராமி, ஆஸ்கர், டோனி நான்கும் வேண்டும். 2015இல் எம்மி கிடைத்தது. மஹகோனி ஆபரா பதிவுக்கு இரண்டு கிராமி உண்டு. ஆஸ்கர் இல்லை. அதனால் பதிவில் ஈகாட் என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள்.