பராமரிப்பு மின்தடைக்கு முந்தைய இரவு

"மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாக நாளை காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்தடை." இந்த அறிவிப்பைப் பார்த்ததும் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிக்கொள்கிறோம். துணை மின் நிலையத்தில் அன்றைக்கு என்ன நடக்கிறது, எது நடக்கவே முடியாது என்று கொஞ்சம் பேசலாம். பழைய டிரான்ஸ்பார்மரையும் பிரேக்கரையும் (ஷார்ட் வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) காப்பாற்ற சென்சார், ஐஓடி (இணையத்தில் இணைந்த கருவிகள்), ஏஐ என்று நிறைய வந்துவிட்டன. அந்த ஒரு நாள் வேலையின் பட்டியலை மாற்றாதவரை இவற்றால் பெரிய பிரயோஜனம் இல்லை என்பது என் கருத்து. பெட்டியை மாட்டிவிட்டு, பழையபடி காலண்டரைப் பார்த்து நட்டு முறுக்கிக்கொண்டிருந்தால் காசுக்குத்தான் கேடு.

முதலில் சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமரா. ஜம்பர், கிளாம்ப், ஐசோலேட்டர் பிளேடு, புஷிங் டெர்மினல் போன்ற இணைப்புகள்தான் சூடேறிப் பொசுங்கும் இடங்கள். லைனை ஆஃப் செய்துவிட்டால் எல்லாம் ஆறிவிடும். எந்த இணைப்பு கெட்டது என்று கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் எல்லா போல்ட்டுக்கும் ஒரு முறுக்கு. நன்றாக இருந்த அலுமினிய கிளாம்ப்பையும் அளவுக்கு மேல் முறுக்கினால் உலோகம் நசுங்கும். சூடாகி ஆறும் ஒவ்வொரு தடவையும் பிடி இன்னும் தளரும். ஆக, கேமராவோடு போக வேண்டியது ஷட்-டவுனுக்கு முந்தைய இரவு, லோடு உச்சத்தில் இருக்கும் நேரத்தில். கோடை என்றால் ஊரே ஏசி போட்டபிறகு. இணைப்பில் உண்டாகும் சூடு ஏறக்குறைய கரண்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். பாதி லோடில் பக்கத்து ஃபேஸைவிட 10 டிகிரி அதிகம் என்றால், முழு லோடில் அது 40-ஐ நெருங்கும். விடியற்காலையில் எடுத்த படத்தைப் பார்த்து "நார்மல்" என்று எழுதுவதைவிட எழுதாமலே விட்டுவிடலாம்.

இன்னொரு வம்பு: பளபளக்கும் அலுமினியம் கேமராவை ஏமாற்றும். அது வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர் குறைவு என்பதால், கொதித்துக்கொண்டிருந்தாலும் படத்தில் குளிர்ச்சியாகவே தெரியும். மூன்று ஃபேஸையும் ஒரே கோணத்தில், ஒரே தூரத்தில் எடுத்து ஒப்பிடுங்கள். முக்கியமான கிளாம்ப்புகளில் ஷட்-டவுன் நாளிலேயே மங்கலான கருப்புப் பெயின்ட் ஒரு சின்ன வட்டமாக அடித்து வைத்தால், அடுத்த முறை நம்பகமான அளவு கிடைக்கும். இதற்கெல்லாம் டெண்டர் தேவையில்லை.

அடுத்து டிரான்ஸ்பார்மர் ஆயில். பிடிவி (பிரேக்டவுன் வோல்டேஜ்) சோதனையோடு நிறுத்திவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆயில் எத்தனை கேவி (ஆயிரம் வோல்ட்) தாங்குகிறது என்பதை மட்டுமே அது சொல்லும். குறைவாக வந்தால் ஃபில்டர் மெஷினைக் கொண்டுவந்து சுற்றவிடுவார்கள், அளவு ஜம்மென்று ஏறிவிடும். ஆனால் டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் ஈரத்தில் பெரும்பகுதி காயிலைச் சுற்றிய காகிதத்தில்தான் இருக்கிறது. சில வாரங்களில் அது மறுபடி ஆயிலுக்கு வந்துவிடும். ஆயிலை மாற்றலாம், காகிதத்தை அங்கே வைத்து மாற்ற முடியாது. காகிதத்தின் ஆயுள்தான் டிரான்ஸ்பார்மரின் ஆயுள். புதிதில் 1000-க்கு மேல் இருக்கும் அதன் பாலிமர் அளவு (காகித இழையின் மூலக்கூறுச் சங்கிலி நீளம்) 200-க்கு இறங்கினால் கதை முடிந்த மாதிரி.

டிரான்ஸ்பார்மருக்குள் உருவாகும் கோளாறை முன்கூட்டிச் சொல்வது டிஜிஏ, அதாவது ஆயிலில் கரைந்த வாயுக்களின் சோதனை. ஹைட்ரஜன் மட்டும் ஏறினால் உள்ளே சின்னச் சின்ன மின்னிறக்கம் (பார்ஷியல் டிஸ்சார்ஜ்). எத்திலீன் ஏறினால் எங்கோ கடும் சூடு. அசிட்டிலீன் என்றால் பொறி. 1, 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) புதிதாகத் தலைகாட்டினாலே கவனிக்க வேண்டும். மீத்தேன், எத்திலீன், அசிட்டிலீன் மூன்றின் விகிதத்தை வைத்து மிஷேல் டுவால் வகுத்த முக்கோணம் கோளாறின் வகையையும் காட்டிவிடும்.

ஆனால் சாம்பிள் எடுப்பதிலேயே பாதி சோதனை கெட்டுப்போகிறது. பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்தால் ஹைட்ரஜன் லேப் போய்ச் சேருவதற்குள் பறந்துவிடும். மூன்று வழி வால்வு உள்ள கண்ணாடி சிரிஞ்சு வேண்டும். வால்வில் தேங்கிய பழைய ஆயிலை ஒன்றிரண்டு லிட்டர் வெளியேற்றிவிட்டு, குமிழி இல்லாமல் நிரப்பி, வெயில் படாமல் அனுப்ப வேண்டும். நிரப்பிய பிறகு சிரிஞ்சுக்குள் குமிழி வந்தால் தள்ளிவிடக் கூடாது. அது ஆயிலிலிருந்து பிரிந்த வாயு, அதுவும் கணக்கில் வர வேண்டும். வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப் சேஞ்சர் அறையின் ஆயில் மெயின் டேங்குக்குள் கசிந்தாலும் அசிட்டிலீன் காட்டும். ஒவ்வொரு டேப் மாற்றத்துக்கும் அங்கே பொறி பறப்பது இயல்பு. இதைப் பார்க்காமல் காயிலைப் பிரிக்க வேண்டாம். ஃபில்டர் செய்தால் வாயுவும் போய்விடும், பழைய டிரெண்டும் அழிந்துவிடும். ஃபில்டருக்கு முன் ஒரு சாம்பிள், பின் ஒரு சாம்பிள் கட்டாயம்.

ஆன்லைன் டிஜிஏ மானிட்டர் எல்லா டிரான்ஸ்பார்மருக்கும் தேவையில்லை. மாற்று ஏற்பாடு இல்லாத பெரிய யூனிட்டுக்கும், ஏற்கெனவே வாயு ஏறிக்கொண்டிருக்கும் வயதான யூனிட்டுக்கும் வையுங்கள். மற்றவற்றுக்கு ஒழுங்காக எடுத்த சிரிஞ்சு சாம்பிளே போதும்.

பிரேக்கர் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். மாதக்கணக்கில் அசையாமல் நின்ற பிரேக்கரை ஷட்-டவுனுக்காக ஆஃப் செய்வார்கள், நாலைந்து முறை போட்டு எடுப்பார்கள், அப்புறம் எத்தனை வேகத்தில் திறக்கிறது என்று பார்க்கும் டைமிங் டெஸ்ட். கிரீஸ் காய்ந்து மெக்கானிசம் இறுகியிருந்தது அந்த முதல் டிரிப்பில்தான் தெரிந்திருக்கும். நாலாவதில் அது இளகியிருக்கும். ஷார்ட் வரும்போது கிடைப்பது ஒரே ஒரு டிரிப், அதுவும் முதல் டிரிப். பிரேக்கரைத் திறக்கவைக்கும் மின்காந்தச் சுருளான டிரிப் காயிலின் வயரில் ஒரு கிளாம்ப் சிடியை (கரண்ட்டை அளக்கும் வளையம்) மாட்டி, அந்த முதல் திறப்பின் கரண்ட் அலைவடிவத்தைப் பதிவு செய்தால் போதும். கரண்ட் ஏறி, காயிலுக்குள் இருக்கும் இரும்புத் தண்டான பிளஞ்சர் நகரும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழும். அந்தப் பள்ளம் போன வருடத்தைவிடத் தள்ளி விழுந்தால் பிளஞ்சரோ, அது விடுவிக்கும் கொக்கியான லாட்ச்சோ சிக்குகிறது.

ஷார்ட்டைக் கண்டுபிடித்து டிரிப் உத்தரவு தரும் நியூமெரிக்கல் ரிலே எத்தனை போட்டாலும் டிரிப் காயிலுக்கு மின்சாரம் தருவது அந்த 110 வோல்ட் பேட்டரிதான். பொதுவாக 55 லெட்-ஆசிட் செல்கள். சார்ஜர் ஓடும்போது மீட்டர் வைத்தால் வோல்டேஜ் எப்போதும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் அது சார்ஜரின் வோல்டேஜ். செல் ஒவ்வொன்றின் உள்தடையையும் அளந்து முந்தைய அளவோடு ஒப்பிட வேண்டும். ஒரு செல்லின் உள் இணைப்பு அறுந்துபோனாலும் 11 கேவி ஃபீடரில் (ஊருக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன்) ஷார்ட் வரும்போது பிரேக்கர் அசையாமல் போகலாம். மேலே உள்ள பாதுகாப்பு வேலை செய்யும்வரை அந்த ஷார்ட்டின் அடியைத் தாங்குவது டிரான்ஸ்பார்மரின் காயில். செல் டெஸ்டரின் விலையை டிரான்ஸ்பார்மர் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

தெரு டிரான்ஸ்பார்மரில் மாட்டும் ஐஓடி பெட்டியைப் பற்றி ஒன்று. சென்சார் கெடுவதற்கு முன் சிம் கார்டு காலாவதியாகிவிடும். டெண்டரிலேயே டேட்டா கட்டணமும் அளவுத்திருத்தமும் ஐந்து வருடத்துக்குச் சேர்க்கப்பட வேண்டும். அலாரம் இரவு 2 மணிக்கு அடித்தால் எந்த ஷிப்ட் ஆப்பரேட்டர் எடுப்பது, லோடை எந்த ஃபீடருக்கு மாற்றுவது, யாருடைய அனுமதியில் என்பதையும் அதே ஒப்பந்தத்தோடு எழுதி கன்ட்ரோல் ரூம் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.