ஆள் போதாத பள்ளி

“மொத்தமே நூறு சொச்சம் பிள்ளைகள். அங்கே என்ன பெரிசா நடக்கப் போகுது?” பெரிய நிர்வாகம் எதையும் சாராமல் தனித்து நடக்கிற சின்ன உயர்நிலைப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இதற்குப் பதில் சொல்லியிருப்பார்கள். வகுப்பில் தனிக் கவனம் கிடைக்கும் என்பதுதான் வழக்கமான பதில். அது உண்மைதான். ஆனால் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிற விஷயம் வகுப்புக்கு வெளியே இருக்கிறது: சின்னப் பள்ளியில் எதற்குமே ஆள் போதாது. அதுதான் அதன் சொத்து.

இதை இப்போது எழுதக் காரணம், அடுத்த பருவத்துக்கான நிகழ்ச்சி அட்டவணை வந்திருக்கிறது. நாடகம், பள்ளியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கான திறந்த நாள், விளையாட்டு நாள், எல்லோரும் சேர்ந்து சுவருக்கு வண்ணம் அடித்துத் தோட்டத்தைச் சரி செய்கிற வேலை நாள், முகாம், முன்னாள் மாணவர் சந்திப்பு, நிதி திரட்ட ஒரு மாலை. அட்டவணை வந்த கையோடு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒப்பீடும் தொடங்கிவிட்டது. பெரிய பள்ளியில் ரோபாட்டிக்ஸ் மன்றம் இருக்கிறது, விவாத அணி இருக்கிறது, தனி இசைக்குழு இருக்கிறது, நம்மிடம் ஏன் இல்லை? கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கட்டணம் கட்டுகிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

இந்தக் கணக்கை ஏற்கெனவே ஒழுங்காகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ரோஜர் பார்க்கர், பால் கம்ப் என்ற இரண்டு உளவியலாளர்கள் 13 உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து 1964இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றில் மிகச் சின்னப் பள்ளியில் 35 மாணவர்கள். மிகப் பெரியதில் 2,287 பேர். அதாவது கிட்டத்தட்ட 65 மடங்கு. ஆனால் பிள்ளைகள் கலந்துகொள்ளக்கூடிய களங்கள், அதாவது வகுப்பு, மன்றம், விளையாட்டு, கூட்டம் என்று தனித்தனியாக நடக்கிறவை, பெரிய பள்ளியில் 8 மடங்குதான் அதிகம் இருந்தன. கூட்டம் 65 மடங்கு, இடம் 8 மடங்கு. மிச்சப் பேர் எங்கே போவார்கள்? பார்வையாளர் இருக்கைக்குத்தான்.

சின்னப் பள்ளியில் இது அப்படியே தலைகீழ். நாடகத்துக்கு நடிக்க ஆள் வேண்டும், விளக்குப் போட ஆள் வேண்டும், திரை இழுக்க, உடை தைக்க, வசனம் மறந்தால் எடுத்துக் கொடுக்க, நுழைவாயிலில் சீட்டுக் கிழிக்க எல்லாம் ஆள் வேண்டும். இருப்பவர்களை வைத்துத்தான் ஓட்டியாக வேண்டும். கால்பந்து அணியில் இருக்கிற பையனே இரண்டாம் காட்சியில் ராஜாவாகவும் வருவான். அவன் ஒத்திகைக்கு வர வேண்டும் என்பதற்காகப் பயிற்சி நேரத்தை மாற்ற வேண்டியிருக்கும். அந்தப் பேச்சுவார்த்தையைப் பயிற்சியாளரும் நாடக ஆசிரியரும் சண்டை போட்டுக்கொண்டே நடத்துவார்கள். இந்தக் குழப்பத்தைக் குறையாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது பள்ளி உயிரோடு இருப்பதன் அடையாளமாகத்தான் தெரிகிறது.

அந்த ஆராய்ச்சியில் என்னை ரொம்பவே யோசிக்க வைத்தது வேறொரு கண்டுபிடிப்பு. படிப்பில் பின்தங்கிய, பள்ளியோடு அவ்வளவாக ஒட்டாத பிள்ளைகளை மட்டும் தனியாகப் பார்த்திருக்கிறார்கள். பெரிய பள்ளியில் அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கிட்டத்தட்ட யாரும் எதற்கும் கூப்பிடவில்லை, “நீ வரணும்” என்று பெரிதாக வற்புறுத்தவுமில்லை. சின்னப் பள்ளிகளிலோ அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. எல்லோரையும் போல அவர்களையும் பிடித்து இழுத்திருக்கிறார்கள். இரக்கத்தால் என்று நினைக்க வேண்டாம், வேறு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். “நீ இல்லாவிட்டால் இது நடக்காது” என்று ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையிடம் சொல்வதும், அது நிஜமாகவே உண்மையாக இருப்பதும் சாதாரண விஷயமா? ஊக்கப் பேச்சாளரை அழைத்து வந்து தன்னம்பிக்கை வகுப்பு நடத்துகிற பள்ளிகளைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

சரி, அப்படியானால் சின்னதாக இருந்தாலே போதுமா? போதாது. இதிலும் உலகம் ஒரு பாடம் படித்திருக்கிறது. 2000க்குப் பிறகு கேட்ஸ் அறக்கட்டளை அமெரிக்காவில் பெரிய உயர்நிலைப் பள்ளிகளைச் சின்னச் சின்னதாகப் பிரிப்பதற்கும், புதிதாகச் சின்னப் பள்ளிகளைத் தொடங்குவதற்கும் பெரும் பணம் கொடுத்தது. நாங்கள் பணம் போட்ட பல பள்ளிகளில் படிப்பு குறிப்பிடத்தக்க அளவுக்கு உயரவில்லை என்று 2009ஆம் ஆண்டுக் கடிதத்தில் பில் கேட்ஸே எழுதினார். புள்ளியியலாளர் ஹோவர்ட் வெய்னர் இதில் இன்னொரு நுணுக்கத்தைக் காட்டினார். மதிப்பெண் பட்டியலின் உச்சியில் சின்னப் பள்ளிகள் அளவுக்கு மீறித் தெரிவது உண்மைதான். அடியில் பார்த்தாலும் அவைதான் அளவுக்கு மீறித் தெரியும். பிள்ளைகள் குறைவாக இருந்தால் நான்கு கெட்டிக்காரர்கள் சராசரியை மேலே தூக்கிவிடுவார்கள், நான்கு பேர் சறுக்கினால் கீழே இழுத்துவிடுவார்கள். அவ்வளவுதான் சமாச்சாரம். எங்கள் பள்ளி மாநிலத்திலேயே முதல் என்று ஏதாவது ஒரு சின்னப் பள்ளி பதாகை கட்டினால், அடுத்த வருஷப் பதாகையையும் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

அதே சமயம் நியூயார்க் நகரில் புதிதாகத் தொடங்கிய சின்ன அரசுப் பள்ளிகளுக்குக் குலுக்கல் முறையில் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் ஒப்பிட்டுப் பார்த்தது. இடம் கிடைத்தவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் கூடுதலாகவே இருந்தார்கள். அந்தப் பள்ளிகளைச் சும்மா சுவர் எழுப்பிப் பிரித்துவிடவில்லை. பிள்ளைகளை நெருக்கமாகத் தெரிந்த ஆசிரியர்கள், தெளிவான நோக்கம், வெளியிலிருந்து துணைக்கு வந்த அமைப்புகள் என்று யோசித்துக் கட்டினார்கள். எண்ணிக்கை குறைவாக இருப்பது ஒரு வாய்ப்பு. அதைப் பள்ளி எப்படிப் பயன்படுத்துகிறது என்பது நிகழ்ச்சி அட்டவணையைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

அதனால்தான் அட்டவணைக்குத் திரும்புகிறேன். எத்தனை நிகழ்ச்சி என்று எண்ணுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எதிரே யார் பொறுப்பு என்று பாருங்கள். எல்லா வரியிலும் ஆசிரியர் பெயரே இருந்தால் எனக்கு அந்த அட்டவணை மேல் நம்பிக்கை போய்விடும். நிகழ்ச்சி மேலாண்மை நிறுவனத்தை அழைத்து வந்து மேடை, ஒலி, தொகுப்பாளர் என்று எல்லாம் வாடகைக்கு எடுத்தால் விழா பளபளப்பாக இருக்கும். புகைப்படமும் நன்றாக வரும். பிள்ளைகள் வரிசையில் நின்று ஏறி இறங்குவார்கள். அதற்கு 2,287 பேர் இருக்கிற பள்ளியே போதுமே.

பெற்றோரும் இதில் சளைத்தவர்கள் இல்லை. அறிவியல் கண்காட்சிக்கு அப்பா செய்த எரிமலை, அம்மா வரைந்த பின்திரை, நாடகத்துக்கு மாமா எழுதிக் கொடுத்த வசனம். எல்லாம் அன்பில்தான். ஆனால் எங்கெல்லாம் நாம் புகுந்து சரி செய்கிறோமோ அங்கெல்லாம் ஒரு பிள்ளைக்கு இருந்த வேலை போய்விடுகிறது. ஒலிவாங்கி கீச்சென்று கத்தட்டும். நடுவில் ஐந்து நிமிடம் மேடை காலியாக இருக்கட்டும். பின்னால் யாரோ இரண்டு பேர் அடித்துப் பிடித்து ஓடுகிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டு பொறுமையாக உட்கார்ந்திருப்பதுதான் அன்றைக்கு நம் வேலை.

பொறுப்பு என்றால் வேலை மட்டும் இல்லை, முடிவெடுப்பதும் சேர்ந்ததுதான். ஏ.எஸ். நீல் என்ற கல்வியாளர் 1921இல் ஜெர்மனியில் தொடங்கி, பிறகு இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த சம்மர்ஹில் பள்ளியில், பள்ளியின் அன்றாட விதிகளைப் பொதுக் கூட்டத்தில் வாக்கெடுத்து முடிவு செய்கிறார்கள். பெரியவருக்கும் ஒரு வாக்கு, பொடியனுக்கும் ஒரு வாக்கு. வகுப்புக்குப் போவது அங்கே பிள்ளையின் விருப்பம் என்பதால் அரசு ஆய்வாளர்களோடு மோதல் வந்து, 2000இல் வழக்கு லண்டன் நீதிமன்றம் வரை போனது. சமரசத் திட்டம் வந்தபோது, அதை ஏற்பதா வேண்டாமா என்று பிள்ளைகள் அந்த நீதிமன்ற அறையிலேயே பள்ளிக் கூட்டத்தைக் கூட்டி வாக்கெடுத்தார்கள். அவ்வளவு தூரம் போகிற துணிச்சல் எல்லாப் பள்ளிக்கும் வராது. வர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை (வகுப்புக்கு வர மாட்டேன் என்று என் மகள் வாக்களித்தால் என் நிலை என்ன என்று யோசித்துப் பார்த்தேன்). ஆனால் முகாம் எங்கே போகலாம், நிதி திரட்டிய பணத்தில் நூலகத்துக்கு வாங்குவதா விளையாட்டுக்கு வாங்குவதா என்பதையாவது பிள்ளைகள் கூடிப் பேசி முடிவு செய்யலாம். நூறு பேரை ஒரே கூடத்தில் உட்கார வைக்க முடிகிற பள்ளிக்கு, எல்லோரையும் எங்கே கூட்டுவது என்ற சாக்குப்போக்கு கூடக் கிடையாது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கருத்துப் பெட்டியில் நீங்களே சொல்வீர்கள். சின்னப் பள்ளியில் ஒளிய இடமில்லை. இரண்டு தோழிகளுக்குள் சண்டை வந்தால் போய் உட்கார இன்னொரு கும்பல் இருக்காது. அதே பத்துப் பதினைந்து முகங்களோடுதான் நாடகத்திலும் நிற்க வேண்டும், முகாமிலும் தூங்க வேண்டும். ஏழாம் வகுப்பில் விழுந்த பட்டப்பெயர் பள்ளி முடிகிற வரை கூட வரும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு “நீ வந்தே ஆகணும்” என்ற இழுப்பு வரமாக இருக்கலாம், தினசரிச் சித்திரவதையாகவும் இருக்கலாம். விளக்குப் பலகைக்குப் பின்னால் இருட்டில் நிற்கிற வேலையும் முழு வேலைதான் என்று மதிக்கிற பள்ளியில் அந்தப் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். மேடையேறியவர்களுக்கு மட்டும் கைதட்டுகிற பள்ளியில் கஷ்டம்தான்.

ஆசிரியர்கள் பாடும் அப்படித்தான். காலையில் கணக்கு நடத்தியவரே மதியம் கூடைப்பந்து, மாலை ஒத்திகை, சனிக்கிழமை திறந்த நாள். ஆள் போதாமை பிள்ளைகளை வளர்க்கும், பெரியவர்களைத் தேய்த்துவிடும். பெற்றோரிலும் அதே நான்கைந்து பேர்தான் எல்லாக் குழுவிலும் இருப்பார்கள். மற்றவர்கள் கட்டைவிரல் பொம்மை போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதனால் புதிய நிகழ்ச்சியைச் சேர்க்கச் சொல்கிறவர்களிடம் எனக்கு ஒரே கோரிக்கை, எதை எடுத்துவிடலாம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். ரோபாட்டிக்ஸ் வேண்டுமா, சரி. விளையாட்டு நாளும் முன்னாள் மாணவர் சந்திப்பும் ஒரே நாளில் நடக்கட்டும், பழைய மாணவர்களும் இப்போதைய அணியும் ஆடட்டும். ஒரு நாள் மிச்சம், ஓர் ஆசிரியருக்கு ஒரு சனிக்கிழமை மிச்சம்.

இன்னும் ஒன்று. இந்தப் பருவத்தில் பிள்ளைக்குப் பள்ளி தேடி அலைகிறவர்கள் பலர் திறந்த நாட்களுக்குப் போவார்கள். தலைமையாசிரியர் காட்டுகிற படக்காட்சியைப் பாருங்கள், ஆய்வகத்தைப் பாருங்கள். அப்புறம் நைசாக ஒதுங்கி, அங்கே நிற்கிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை யாரிடமாவது, போன வருஷ நாடகத்தில் நீ என்ன செய்தாய் என்று கேளுங்கள். “பார்த்தேன்” என்று ஒரு பிள்ளை சொன்னால் பரவாயில்லை, இன்னும் இரண்டு பேரிடம் கேளுங்கள். மூன்று பேரும் பார்த்தேன் என்றே சொன்னால் அந்தப் பள்ளியில் எவ்வளவு குறைவாகப் பிள்ளைகள் இருந்தாலும் உங்களுக்குப் பிரயோஜனமில்லை.