உறுதி எங்கே என்று கேட்கிறான் என் மச்சான்

எங்கள் காணி வழக்குக்கு மறுபடியும் தவணை. வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறி, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் கண் மூடாமல் போய், பஸ் நிலையக் குழாயில் முகம் கழுவி, நீதிமன்ற வளவில் மதியம்வரை நின்றேன். எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு வேறிடத்தில் வழக்காம். தை மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். இரண்டு நிமிடம்தான். அன்றிரவே திரும்பி, காலையில் கொழும்பில் இறங்கி நேரே வேலைக்குப் போனேன். ஆண்டுக்குக் கிடைக்கும் 14 நாள் விடுமுறையில் 9 நாளை இந்த வழக்கே தின்றுவிட்டது. இது ஐந்தாவது ஆண்டு.

தவணையைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் மாமாவின் மகன் கேட்கும் கேள்வியைத்தான் பொறுக்க முடியவில்லை. "உறுதி எங்கே?" என்கிறான், காணிப் பத்திரத்தை.

எங்கே போனது என்று அவனுக்குத் தெரியாதா? 2000ஆம் ஆண்டு மே மாதம் யாழ்ப்பாணத் தென்மராட்சியில் ஷெல் விழுந்தபோது உறுதி இருந்த அம்மப்பாவின் தகரப்பெட்டியை வீட்டில் விட்டுவிட்டு ஓடினோம். ஒரே உழவு இயந்திரப் பெட்டியில்தான் அவனும் வந்தான். அவனுக்கு 12 வயது, கடும் காய்ச்சல். வழி முழுவதும் என் அம்மாவின் மடியில்தான் படுத்திருந்தான். திரும்பிப் போய்ப் பார்த்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை. பெட்டி இருந்த இடத்தை அவனும் என்னோடு நின்றுதான் பார்த்தான்.

காணி பெரிதல்ல. 12 பரப்பு வயல், அரை ஏக்கர். அம்மப்பா எதுவும் எழுதாமல் இறந்தார். பிள்ளைகள் இரண்டு பேர், மாமாவும் அம்மாவும். மாமா ஊர் திரும்பி வயலைச் செய்தார், அம்மா எங்களோடு கொழும்பில் தங்கிவிட்டார். குத்தகை என்று ஒரு சதம் அம்மா கேட்டதில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அறுவடை முடிந்ததும் ஒரு சாக்குப் புழுங்கலரிசி பஸ்ஸில் வரும். காலி வீதியில் நின்று நாங்கள் இறக்கியெடுப்போம். 2019இல் மாமா இறந்தார். அத்தோடு சாக்கும் நின்றது. அடுத்த ஆண்டு அம்மாவும் போய்விட்டார். எங்கள் பங்கு ஆறு பரப்பைப் பிரித்துத் தரும்படி கேட்டேன். "பத்து வருடத்துக்கு மேல் எங்கள் ஆட்சி" என்றான்.

பத்து வருடம் தடையின்றி, மற்றவர் உரிமையை ஏற்காமல் காணியை வைத்திருந்தவருக்கே அது சொந்தமாகும் என்னும் 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தைத்தான் சொல்கிறான். கூட்டு உரித்தாளர்களில் ஒருவர் காணியில் இருப்பது எல்லோருக்காகவும் இருப்பதுதான் என்று கொரேயா எதிர் இசேரிஸ் அப்புஹாமி வழக்கில் 1911இலேயே லண்டனில் இருந்த அன்றைய உச்ச மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்த்துவிட்டது. அவர்கள் உடனே 1918ஆம் ஆண்டின் திலகரத்ன எதிர் பஸ்தியன் வழக்கை எடுக்கிறார்கள். நெடுங்கால ஆட்சியை வைத்து, மற்றவரை விலக்கியே ஆண்டதாக அனுமானிக்கலாமாம். விலக்கவில்லை என்று நான் காட்ட வேண்டும். அந்த அரிசிச் சாக்குத்தான் என் ஆதாரம். தங்கைக்கு அரிசி அனுப்பும் அண்ணன் பற்றுச்சீட்டா எழுதி வாங்குவான்?

போர்க்காலத்தை ஆட்சிக் கணக்கிலிருந்து கழிக்க 2016இல் ஒரு சட்டம் வந்தது. அதன் பயனைப் பெற இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டும் மாமா உயிரோடிருந்தார், அரிசி வந்துகொண்டிருந்தது. அரிசி அனுப்பும் அண்ணன்மேல் எந்தத் தங்கை வழக்குப் போடுவாள்? அண்ணனை நம்பியதற்காக அம்மாவின் உரிமை காலாவதியாகிவிடுமா?

போதாததற்குச் சீதனக் கதை வேறு. அம்மாவுக்குக் கலியாணத்தில் நான்கு காப்பும் ஒரு சங்கிலியும் போட்டார்களாம். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின்படி, சீதனம் வாங்கிய மகளுக்கு முதுசத்தில், அதாவது பெற்றோர் வழிச் சொத்தில், பங்கில்லையாம். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். முதுசம் என்று சொன்னால் காணி அம்மப்பாவுடையது என்று ஒப்புக்கொண்டதாகிறதே! பிறகு எந்த வாயால் என்னிடம் உறுதி கேட்கிறாய்?

காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கப் போனேன். புத்தகத்தில் எங்கள் பக்கத்தின் பாதியைக் கரையான் அரித்திருந்தது. மீதியில் எல்லைகள் மட்டும் இருக்கின்றன. வடக்கு ஒழுங்கை, கிழக்கு இன்னார் பேரில் காணி, தெற்கு இன்னார் பேரில் காணி. அந்த இன்னார்கள் எல்லோரும் இறந்துவிட்டார்கள். பாகப்பிரிவினை வழக்கில் ஒவ்வொருவரின் உரித்தையும் நீதிமன்றமே விசாரித்துத் தீர வேண்டும். அது நியாயம், அந்த விசாரணையைத்தான் நானும் கேட்கிறேன். விசாரணை தொடங்கினால்தானே!

முந்தாநாள் நான் தனியாகப் போகவில்லை. அந்தச் சாக்குகளை ஏற்றிவந்த பஸ் நடத்துநரை ஆறு மாதம் தேடிக் கண்டுபிடித்திருந்தேன். 70 வயது தாண்டிவிட்டது, முழங்காலில் வாதம். சாக்கில் அம்மாவின் பெயரை மாமா நீல மையால் எழுதியிருப்பார் என்பதை நான் சொல்லாமலே அவர் சொன்னார். என்னோடு மதியம்வரை நின்றார். தவணை போட்டதும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

"தையிலும் வருகிறேன் பிள்ளை" என்றார்.