முதல் சம்பளத்துச் சைக்கிள்

(கும்பகோணம். ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக் கொல்லைப்புறம். துவைக்கிற கல்லின் மேல் ஒரு பழைய சைக்கிள் பிரேம். சக்கரம், செயின், மட்கார்டு எல்லாம் கழற்றியாயிற்று. பக்கத்தில் மாமனாரும், அவருடைய லுங்கியைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளையும். 'சின்ன வேலை, அரை மணி நேரம்' என்று சொல்லித்தான் கூப்பிட்டார். எந்த மாமனார்தான் உண்மையைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்?)

மாமா: மாப்பிள்ளை, காபி டம்ளரைப் பெயிண்ட் ரிமூவர் டப்பா பக்கத்தில் வைக்காதீங்க. அத்தையோட சீர் டம்ளர். ஒரு சொட்டுத் தெறித்தாலும் எனக்கு ஒரு வாரம் சாப்பாடு கிடையாது.

மாப்பிள்ளை: சரி மாமா. கையுறை எங்கே?

மாமா: இதோ. ஜவுளிக்கடைக் கவர். இரண்டு கைக்கும் இரண்டு.

மாப்பிள்ளை: மாமா, இது பெயிண்ட்டையே உரிக்கிற மருந்து. ஆஸ்பத்திரிக் கையுறையே இதற்கு நிற்காது. தோலில் பட்டால் நெருப்பு மாதிரி எரியும்.

மாமா: அப்படியானால் ரிமூவரே வேண்டாம். எண்பதாம் நம்பர் உப்புத்தாள் இருக்கிறது. பிடித்து வறட் வறட் என்று தேய்த்தால் ஆயிற்று.

மாப்பிள்ளை: வறட் வறட் என்று தேய்த்தால் தூசு பறக்கும். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கும் மாமா. வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல், இருக்கக்கூடாது என்று சட்டம் அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். உங்கள் சைக்கிள் அதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் அடித்தது.

மாமா: நாற்பது வருஷமாக இதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு என்ன ஆயிற்று?

மாப்பிள்ளை: (பேச்சை மாற்றி) ரிமூவரே போடலாம். திறந்தவெளிதானே, நெடி போய்விடும்.

(மாடி வீட்டுக்காரரிடம் தடித்த ரப்பர் கையுறை இரவல் வாங்கப்படுகிறது. மாப்பிள்ளை ரிமூவரைக் கெட்டியாகத் தடவுகிறார். மாமா பின்னாலேயே வந்து பிரஷ்ஷால் தேய்த்துவிடுகிறார்.)

மாப்பிள்ளை: மாமா, தேய்க்கக்கூடாது! தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற மாதிரி இல்லை இது. கெட்டியாக அப்பிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். ஆவியாகாமல் மேலே பிளாஸ்டிக் சீட்டைப் போர்த்தி, இருபது நிமிஷம்.

மாமா: இருபது நிமிஷம் சும்மாவா? அப்படியானால் உங்களுக்கு இந்தச் சைக்கிளின் கதையைச் சொல்கிறேன்.

மாப்பிள்ளை: தெரியும் மாமா. முதல் சம்பளத்தில் வாங்கினது.

மாமா: 1974! அம்பத்தூரில் செய்த சைக்கிள். பிற்பாடு கல்யாணம் நிச்சயமானபோது என் மாமனார் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். சொந்தக் காசில் வாங்கின சைக்கிள் வாசலில் நிற்கிறது, உங்கள் வீட்டுத் துரும்பு கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை: இதையும் கேட்டிருக்கிறேன். எங்கள் நிச்சயதார்த்தத்தில் மைக் பிடித்துச் சொன்னீர்கள். ஸ்கூட்டர் பற்றி எங்கள் பெரியப்பா ஒரு வார்த்தை எடுத்தார், நீங்கள் முக்கால் மணி நேரம் பேசினீர்கள்.

மாமா: மனுஷனுக்கு வைராக்கியம் வேண்டும் மாப்பிள்ளை.

(சீட்டை எடுக்கிறார்கள். பெயிண்ட், ஆறின பாலில் ஆடை கட்டின மாதிரி சுருங்கிக் கிடக்கிறது. பட்டித் தகட்டால் வழிக்க வழிக்க, அடியிலிருந்து வேறு நிறம் வருகிறது.)

மாப்பிள்ளை: மேலே சில்வர். அதற்கு அடியில் நீலம்.

மாமா: சில்வர், தண்ணீர்த் தொட்டி மூடிக்கு வாங்கின மிச்சம். நீலம், உங்கள் கல்யாணத்துக்கு ஜன்னலுக்கு அடித்தது.

மாப்பிள்ளை: அப்புறம் பச்சை.

மாமா: வாசல் கேட்டு.

மாப்பிள்ளை: காவி?

மாமா: பக்கத்து வீட்டுக் கேட்டு.

(இன்னும் இரண்டு தடவை ரிமூவர். கடைசியில் கருப்பும், அதில் முடி அளவு மெல்லிய தங்க நிறக் கோடும் தெரிகின்றன. அதுவும் போனதும், குழாய்கள் சேருகிற மூட்டின் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ மின்னுகிறது.)

மாமா: (குரலைத் தாழ்த்தி) மாப்பிள்ளை... தங்கமா?

மாப்பிள்ளை: பித்தளை மாமா. குழாயையும் மூட்டையும் பித்தளையை உருக்கி ஊற்றித்தான் ஒட்டியிருக்கிறார்கள். இந்த இடத்தில் முரட்டு உப்புத்தாள் போடக்கூடாது. 220ஆம் நம்பர் நைஸ் தாள் போதும், தண்ணீர் தொட்டு. (பிரேமைத் திருப்பப் போகிறார்.) அடிப்பக்கம் பார்த்துவிடலாமா?

மாமா: அடிப்பக்கம் வேண்டாம்.

மாப்பிள்ளை: ஏன்?

மாமா: யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்? அப்படியே மேலே பெயிண்ட் அடித்துவிடலாம்.

மாப்பிள்ளை: சேறு தெறிக்கிற இடமே அதுதான் மாமா. துரு அங்கேதான் ஆரம்பிக்கும்.

(பிரேமைக் கவிழ்க்கிறார். பெடல் அச்சு போகிற உருளையின் அடியில் பெயிண்ட் அடைபோல அப்பியிருக்கிறது.)

மாப்பிள்ளை: மற்ற இடத்தில் ஐந்து கோட்டு. இங்கே மட்டும் ஏன் பத்து?

மாமா: அது... கை தவறி.

மாப்பிள்ளை: ஐந்து தடவையும் அதே இடத்திலா?

(ரிமூவர், பிளாஸ்டிக், இருபது நிமிஷம். இந்த முறை மாமா கதை எதுவும் சொல்லவில்லை. வழித்துத் தண்ணீர் விட்டுக் கழுவினதும், இரும்பில் உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தின எழுத்து தெரிகிறது.)

மாமா: பிரேம் நம்பர்.

மாப்பிள்ளை: பிரேம் நம்பர் சீட்டுக்குக் கீழே தனியாக இருக்கிறது மாமா. அதோடு, பிரேம் நம்பரில் 'தி.சா.' என்று தமிழ் எழுத்து வருமா?

மாமா: அம்பத்தூர்க்காரர்களுக்குத் தமிழ்ப் பற்று.

மாப்பிள்ளை: கீழே 12.6.78 என்று தேதி வேறு இருக்கிறதே. (காபி டம்ளரை எடுத்து, விளிம்பை வெயிலில் திருப்பிப் பார்க்கிறார்.) 'தி.சா. 12.6.78.' அதே எழுத்து. அந்த 'சா'வின் கால் கூட அதே மாதிரி வளைந்திருக்கிறது.

(அமைதி. சமையலறையில் மிக்ஸி ஓடி நிற்கிறது.)

மாமா: பாத்திரத்துக்குப் பேர் வெட்ட ஆள் வந்திருந்தான். என் மாமனார் மண்டபத்து வாசலில் நின்று, அண்டா, குத்துவிளக்கு, தாம்பாளம் எல்லாவற்றிலும் வெட்டச் சொன்னார். கடைசியாகச் சைக்கிளையும் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். தொலைந்துபோனால் அடையாளம் சொல்லலாமாம்.

மாப்பிள்ளை: அத்தைக்குத் தெரியுமா?

மாமா: அவளுடைய அப்பா கொடுத்தது அவளுக்குத் தெரியாதா? என் பெண்ணுக்குத்தான் தெரியாது. அப்புறம் உங்கள் வீட்டில் யாருக்கும்.

மாப்பிள்ளை: 1974இல் முதல் சம்பளம்?

மாமா: அதில் குடை வாங்கினேன்.

அத்தை: (உள்ளிருந்து) என்ன அங்கே, சத்தத்தையே காணோம்? இன்னும் ஒரு வாய் காபி கொண்டுவரட்டுமா?

மாமா: (பதறி) மாப்பிள்ளை, தின்னர் போட்டுத் துடைங்க! ரெட் ஆக்சைடு பிரைமர் எங்கே? காவிரிக் கரை ஈரக்காற்று, வெறும் இரும்பைச் சும்மா விட்டால் சாயங்காலத்துக்குள் துரு பூத்துவிடும். சீக்கிரம், முதலில் அந்த அடிப்பக்கம்!

மாப்பிள்ளை: பிரைமருக்கு என்ன அவசரம் மாமா. எங்கள் பெரியப்பாவுக்கு ஒரு போட்டோ அனுப்பிவிட்டு அடிக்கலாம். (லுங்கி மடிப்பில் போனைத் தேடுகிறார்.)

மாமா: (போன் இருக்கிற கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு) மாப்பிள்ளை... உங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?

மாப்பிள்ளை: சைக்கிளுக்கா?

மாமா: ஸ்கூட்டருக்கு.